மணல் குழாயில் காந்தத் துகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியெல்லாம் தென்னந்தோப்பு. தோப்புக்கு ஒரு போர்வெல்லாவது இருக்கும். பாலக்காடு மாவட்டத்தின் இந்தக் கிழக்கு ஓரத்தில், தமிழ் பேசும் எங்கள் ஊர்களில், நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருப்பது பழைய கவலை. அதனால் எங்கள் பிள்ளைகள் அறிவியல் திட்டம் என்று உட்கார்ந்தாலே தண்ணீரைச் சுத்தம் செய்வதில்தான் போய் நிற்பார்கள். காந்த நானோ துகளில் கைவைத்ததும் அப்படித்தான். துகளைத் தண்ணீரில் கலக்கலாம், அழுக்கைப் பிடிக்க வைக்கலாம், காந்தத்தைக் காட்டித் திரும்ப எடுத்துவிடலாம் என்பது எண்ணம்.

எண்ணம் நல்லதுதான். (எங்கள் துகள் மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடு. வெறும் மேக்னடைட் ஃப்ளோரைடைப் பெரிதாகப் பிடிக்காது, ஆர்சனிக்கைத்தான் நன்றாகப் பிடிக்கும். ஃப்ளோரைடுக்கு அதன் மேல் அலுமினா போன்ற வேறொரு பூச்சு வேண்டும். அது தனிக் கதை.) ஆனால் காந்தத்துக்கு அகப்படாமல் தப்பிய துகள் எங்கே போகும்? மண்ணுக்குள் எவ்வளவு தூரம் போகும்? இதைப் பார்க்காமல் யாருடைய கிணற்றுப் பக்கமும் துகளைக் கொண்டுபோகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அதற்காகத்தான் மணல் குழாய்ச் சோதனை: மணல் நிரப்பிய குழாயில் துகள் கலந்த தண்ணீரை விட்டு, எவ்வளவு தங்குகிறது, எவ்வளவு வெளிவருகிறது என்று பார்ப்பது. பல வருடங்களாகப் பிள்ளைகளோடு சேர்ந்து இதைச் செய்ததில் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளையும், அவற்றைச் சரிசெய்த விதத்தையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான். 2.5 செ.மீ. விட்டமும் 15 செ.மீ. நீளமும் உள்ள அக்ரிலிக் குழாய். உள்ளே 0.3 முதல் 0.5 மி.மீ. வரை சலித்த மணல். குழாயின் கொள்ளளவு சுமார் 74 மில்லி. அதில் மணிகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் 40 சதவீதம் என்று வைத்தால் 29 மில்லி வரும். இதைத் துளைக்கொள்ளளவு என்று சொல்வோம். மருந்துக் கடையில் கிடைக்கும் ட்ரிப் செட்டை மாட்டி, பாட்டிலை உயரத்தில் தொங்கவிட்டு, தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும்படி விடுகிறோம். 20 சொட்டு ஒரு மில்லி. நிமிடத்துக்கு 20 சொட்டு விட்டால் ஒரு துளைக்கொள்ளளவு கடக்க ஏறக்குறைய அரை மணி நேரம். துகள் கலவை லிட்டருக்கு 100 மி.கி.

எந்தக் கோளாறு வந்தாலும் நான் பிள்ளைகளிடம் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: துகள் இப்போது தனித்தனியாக இருக்கிறதா, கூட்டமாக இருக்கிறதா? கீழே இறங்குவது, மணலில் மாட்டுவது, காந்தத்துக்கு ஓடுவது எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்தது. தனியா கூட்டமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது துகள் இல்லை, அது மிதக்கும் தண்ணீர்.

துகள் கறுப்பாக வரவில்லை, துருநிறமாக இருக்கிறது

மேக்னடைட் கன்னங்கரேல் என்று இருக்க வேண்டும். பழுப்பாகவோ ஆரஞ்சாகவோ வந்தால் பாதி வழியிலேயே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். நாங்கள் பின்பற்றுவது 1981-இல் மசார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் வெளியிட்ட வீழ்படிவு முறையின் எளிய வடிவம்: இரண்டு பங்கு ஃபெர்ரிக் உப்பு, ஒரு பங்கு ஃபெரஸ் உப்பு, அதில் அம்மோனியா. 2.7 கிராம் ஃபெர்ரிக் குளோரைடும் 1.39 கிராம் ஃபெரஸ் சல்பேட்டும் (இரண்டுமே நீரேறிய படிகங்கள்) எடுத்தால் ஏறக்குறைய 1.16 கிராம் மேக்னடைட் கிடைக்க வேண்டும்.

முதலில் ஃபெரஸ் சல்பேட் டப்பாவைத் திறந்து பாருங்கள். படிகம் வெளிர்பச்சையாக இருந்தால் சரி. மேலே மஞ்சள் பொடி பூத்திருந்தால் அந்த டப்பா வேண்டாம், அதில் ஃபெரஸ் ஏற்கெனவே ஃபெர்ரிக்காக மாறத் தொடங்கிவிட்டது. இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் அங்கேயே கெட்டது. அடுத்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடி ஆறவிட்டு எடுங்கள், கரைந்த ஆக்சிஜன் போய்விடும். அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடாமல், கலக்கிக்கொண்டே வேகமாக ஊற்றி, பி.எச். 10-க்குக் கொண்டுபோங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், மூக்கை எரிக்கும்.

கறுப்பாக வந்தது சில வாரத்தில் பழுப்பாக மாறினால் பதற வேண்டாம். மேக்னடைட் மெதுவாக ஆக்சிஜன் ஏறி மேக்ஹமைட் ஆகிறது. அதற்கும் காந்தப் பண்பு உண்டு. ஆனால் பழையதையும் புதியதையும் ஒரே வரைபடத்தில் ஒப்பிடாதீர்கள்.

கலக்கும்போதே கறுப்பு காணாமல் போகிறது

"டீச்சர், கருப்பெல்லாம் எங்கயோ போயிருச்சுங்க, தண்ணி வெள்ளையா நிக்குது" என்று ஒரு மாணவி ஓடிவந்தாள். பீக்கரை மேக்னடிக் ஸ்டிரரில் வைத்திருந்தாள். உள்ளே சுழலும் கட்டையே காந்தம், துகள் மொத்தமும் அதில் போய் அப்பிக்கொண்டது. கண்ணாடிக் குச்சி, அல்லது மேலிருந்து சுழலும் மோட்டார்த் துடுப்பு. வேறு வழி இல்லை.

பாட்டிலிலேயே அடியில் படிந்துவிடுகிறது

மணலுக்குள் விடுவதற்கு முன்பே இது நடந்தால் மணலைக் குறை சொல்ல வழியில்லை. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மேக்னடைட்டின் அடர்த்தி தண்ணீரைப் போல ஐந்து மடங்குக்குச் சற்று மேல். ஆனாலும் 10 நானோமீட்டர் துகள் (நானோமீட்டர் என்பது மி.மீ.-இல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஒன்று தனியாக இருந்தால், ஸ்டோக்ஸ் விதிப்படி ஒரு நாளைக்கு 0.02 மி.மீ.தான் இறங்கும். ஒரு மி.மீ. இறங்க 50 நாள். அதற்குள் தண்ணீர் மூலக்கூறுகள் அதை மேலும் கீழுமாக எத்தனையோ தடவை தள்ளிவிட்டிருக்கும், ஆக அது படியவே படியாது. அதே பொருள் 10 மைக்ரோமீட்டர், அதாவது ஆயிரம் மடங்கு பெரிய உருண்டையாக இருந்தால் நாலைந்து நொடியில் ஒரு மி.மீ. இறங்கிவிடும். (கூட்டத்துக்கு நடுவே தண்ணீர் இருப்பதால் உண்மையில் கொஞ்சம் தாமதமாகும்.) எனவே ஒரு மணி நேரத்தில் அடியில் கறுப்பு படிந்தால், உங்களிடம் இருப்பது 10 நானோமீட்டர் துகள்களின் கலவை இல்லை, ஆயிரக்கணக்கில் சேர்ந்த கட்டிகளின் கலவை. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் 10 நானோமீட்டர் என்று தெரிந்தாலும் சரி.

ஏன் கூடுகின்றன? துகளின் மேல் இருக்கும் மின்சுமைதான் ஒன்றையொன்று தள்ளி நிற்க வைக்கிறது. மேக்னடைட்டுக்கு பி.எச். 6.5-க்கும் 8-க்கும் இடையே எங்கோ ஒரு புள்ளியில் அந்தச் சுமை பூஜ்யமாகிறது. நாம் குடிக்கும் தண்ணீரின் பி.எச். சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது! தள்ளும் விசை போனதும், நெருங்கினால் இழுக்கும் விசை ஜெயிக்கிறது. துகள் 20, 30 நானோமீட்டரைத் தாண்டிப் பெரிதாக இருந்தால் காந்த ஈர்ப்பும் சேர்ந்துகொள்ளும், சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் கடினத் தண்ணீர். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. காரணம் கால்சியமும் மக்னீசியமும். சோடியம் உப்பு எவ்வளவு போட்டால் துகள் கூடுமோ, அதைவிடப் பல பத்து மடங்கு குறைவான கால்சியமே போதும். இரட்டைச் சுமை உள்ள அயனி மேற்பரப்பின் சுமையை அவ்வளவு வேகமாக மறைத்துவிடுகிறது. இதை ஒரே மேசையில் காட்டலாம். ஒரே துகளை மூன்று பாட்டிலில் கலக்குங்கள்: வாலை வடிநீர், போர்வெல் தண்ணீர், குளத்துத் தண்ணீர். எங்கள் பிள்ளைகள் மூன்றாவதுதான் முதலில் படியும் என்று சொன்னார்கள், அழுக்குத் தண்ணீர் ஆயிற்றே. படிந்தது போர்வெல் தண்ணீரில். குளத்துத் தண்ணீரில் அழுகிய இலைதழையிலிருந்து வரும் ஹியூமிக் பொருள்கள் துகள் மேல் போர்வை போலப் படர்ந்து எதிர்ச்சுமை (மைனஸ் மின்சுமை) கொடுக்கின்றன. கலங்கிய தண்ணீரில் துகள் இன்னும் தூரம் போகக்கூடும் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கு உறைத்தது. எனக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடிக்கும், செலவே இல்லை.

சரிசெய்யும் முறை: சோதனைக்கு வடிநீர் மட்டும் எடுங்கள். துகளைக் கழுவியபின் சோடியம் சிட்ரேட் கரைசலில் 80, 90 டிகிரி சூட்டில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைத்துக் கலக்குங்கள். சிட்ரேட் இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் எதிர்ச்சுமையோடு நிற்கும், பி.எச். 7-இலும் துகள் கட்டியாகாது. பூச்சு வேண்டாம் என்றால் பி.எச். 4 பக்கமோ 10 பக்கமோ நகர்த்துங்கள், இரண்டிலும் நிற்கும். துகளைக் கழுவும்போது காந்தத்தை இரவு முழுக்க ஒட்டவைத்து விட்டுவிடாதீர்கள். இறுகிய கட்டியை அப்புறம் பிரிப்பது பெரும்பாடு. அல்ட்ராசோனிக் தொட்டி இருந்தால் சோதனைக்கு முன் பத்து நிமிடம் வையுங்கள். ஆனால் அது கூட்டத்தைக் கலைக்குமே தவிர மறுபடி கூடாமல் தடுக்காது.

பாட்டிலில் நிற்கிறது, மணலின் முதல் விரற்கடையிலேயே மாட்டிக்கொள்கிறது

அதிகம் கேட்கப்படுவது இதுதான். நுழைவாயில் ஒரு கறுப்பு வளையம், மேலே வெள்ளை மணல், வெளியே வருவது சுத்தத் தண்ணீர். 'வடிகட்டி நன்றாக வேலை செய்கிறது' என்று பிள்ளைகள் மகிழ்ந்துபோவார்கள். அவசரப்பட வேண்டாம். மாட்டியது ஏன் என்று தெரியாவிட்டால் எப்போது விடுபடும் என்பதும் தெரியாது.

இரண்டு விதமாக மாட்டலாம். ஒன்று, இடுக்கில் சிக்குவது. 0.4 மி.மீ. மணலில் மணிகள் ஒன்றோடொன்று தொடும் மூலைகள் மிகக் குறுகலானவை. மணலின் விட்டத்தில் 0.3 முதல் 0.5 சதவீதத்தைத் தாண்டிய எதுவும் அங்கே சிக்கத் தொடங்கும். நம் மணலுக்கு அது ஒன்று முதல் இரண்டு மைக்ரோமீட்டர். பாட்டிலில் கண்ணுக்குத் தெரியாத கட்டியே போதும். கலவையை ஒரு மைக்ரோமீட்டர் வடிதாளில் விட்டுப் பாருங்கள். தாள் கறுத்து, வடிந்தது வெளுத்தால் கட்டிதான் காரணம், முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்.

மற்றொன்று, மணி மேலேயே ஒட்டுவது. சுத்தமான குவார்ட்ஸ் மணல் நாம் வேலை செய்யும் பி.எச்.-இல் எதிர்ச்சுமை உள்ளது. சிட்ரேட் பூசிய துகளும் எதிர்ச்சுமை. இரண்டும் விலக வேண்டும். ஆனால் ஆற்று மணல் சுத்தக் குவார்ட்ஸ் இல்லை. பாரதப்புழையின் கிளையாறுகளில் அள்ளிய பழைய மணலைப் பார்த்தால் மணி மேல் செம்மஞ்சள் படலம் தெரியும். அது இரும்பு ஆக்சைடு. பி.எச். 7-இல் அதற்கு நேர்ச்சுமை. எதிர்ச்சுமைத் துகளை அது வா வா என்று இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு பருவமே பிடித்தது. மணலைக் காகிதத்தில் பரப்பி அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். கறுப்புக் குருணை எழுந்து நின்று காந்தத்தோடு ஓடும். நைஸ் (gneiss) என்ற பாறை உடைந்து வந்த மணலில் இயற்கையான மேக்னடைட் மணிகள் இருக்கும். காந்தச் சோதனை செய்யும் மணலில் ஏற்கெனவே காந்தம்! வெளிக்காந்தம் வைத்ததும் அந்தக் குருணை ஒவ்வொன்றும் குட்டிக் காந்தமாகித் துகளைப் பிடிக்கும், நீங்கள் அதை உங்கள் காந்தத்தின் சாமர்த்தியம் என்று எழுதிவைப்பீர்கள்.

ஆகவே மணலைத் தயார் செய்யும் வரிசை: சலியுங்கள். காந்தத்தால் மூன்று நான்கு தடவை குருணையை எடுத்துவிடுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவிடுங்கள், மஞ்சள் நிறம் இறங்கும். நிறம் இறங்குவது நிற்கும்வரை அமிலத்தை மாற்றுங்கள். வடிநீரில் கழுவி, கழுவிய தண்ணீரின் பி.எச். பழைய நிலைக்கு வந்ததும் உலர்த்துங்கள். அப்புறம் சோதனையைத் திரும்பச் செய்து, கழுவாத மணலோடு ஒப்பிடுங்கள். கழுவாத மணலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உண்மையில் நம் காலடியில் இருப்பது அதுதான். கழுவிய மணல் காரணத்தைச் சொல்லும், கழுவாத மணல் ஊரைச் சொல்லும்.

துகள் சின்னதாக இருந்தால் எளிதாகக் கடக்கும் என்று நினைப்பதும் தவறு. யாவ், ஹபீபியன், ஓமீலியா என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1971-இல் காட்டியது இது: மணலை மிக எளிதாகக் கடப்பது ஒரு மைக்ரோமீட்டர் அளவிலான துகள். அதைவிடப் பெரியது எடையால் மணி மேல் விழுகிறது, சிறியது வெப்ப அலைக்கழிப்பில் அங்குமிங்கும் துள்ளி மணியில் மோதிக்கொண்டே இருக்கிறது. 10 நானோமீட்டர் துகள் வழியில் எண்ணற்ற தடவை மணியைத் தொடும். தொட்டபோதெல்லாம் ஒட்டுமா என்பது வேறு கேள்வி, அதைத் தீர்மானிப்பது மேலே சொன்ன சுமையும் உப்பும்.

சொட்டு குறைந்துகொண்டே போகிறது

காலையில் நிமிடத்துக்கு 20 சொட்டு, மதியம் 12. முதலில் பாட்டிலைப் பாருங்கள், நீர்மட்டம் இறங்கினால் அழுத்தமும் இறங்கும். அது இல்லை என்றால் காற்றுக்குமிழி. இரவு குளிர்ந்த தண்ணீரில் கரைந்திருந்த காற்று, ஏப்ரல் மதியத்தில் குழாய் சூடானதும் குமிழியாக வெளிவந்து மணலுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். குழாய்ச் சுவரில் வெள்ளிப் புள்ளிகளாகத் தெரியும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி எடுங்கள். மணலைக் காய்ந்தபடி கொட்டாமல், குழாயில் தண்ணீர் நிற்க நிற்க ஒரு கரண்டியாகப் போட்டுத் தட்டித் தட்டி நிரப்புங்கள். குமிழியின் மேற்பரப்பில் துகள் ஒட்டும் என்பதால் இது ஓட்டத்தை மட்டுமல்ல, முடிவையும் கெடுக்கும்.

சூட்டுக்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 20 டிகிரியில் 1 என்று இருக்கும் தண்ணீரின் பிசுக்குமை, 40 டிகிரியில் 0.65-க்கு இறங்கிவிடும். மணல் வழியே ஓடும் நீருக்கு டார்சி 1856-இல் எழுதிய விதிப்படி அதே உயரத்தில் ஓட்டம் ஒன்றரை மடங்கு ஆகும். பாலக்காட்டுக் கணவாயில் கோடை மதியம் 40 டிகிரி அதிசயமில்லை. நோட்டில் வெப்பநிலை எழுதாத சோதனையை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

எம்-சாண்ட் எடுத்திருந்தால் கதை வேறு. கிரஷரில் உடைத்த மணியின் ஓரம் கூராக இருக்கும், கூடவே மாவு போன்ற தூள். தூள் நகர்ந்து இடுக்கை அடைக்கும். கழுவிய தண்ணீர் தெளிவாகும்வரை கழுவாமல் பயன்படுத்தக் கூடாது.

கரிசல் மண்ணை அப்படியே குழாயில் போட்டால் ஓட்டம் நின்றே போகும். கேரளத்தில் கரிசல் இருப்பது எங்கள் சித்தூர் வட்டத்தில்தான், அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு அதில் துகள் ஓடுகிறதா என்று பார்க்க ஆசை. நனைந்ததும் களிமண் உப்பி எல்லாத் துளையையும் மூடிவிடுகிறது. கழுவிய மணலில் 5 சதவீதம் கரிசல் கலந்து தொடங்குங்கள். வடிநீர் விட்டால் களி கரைந்து கிளம்பும், சிறிது கால்சியம் உள்ள தண்ணீர் விட்டால் அடங்கி நிற்கும்.

துகள் எதிர்பார்த்ததற்கு முன்பே வந்துவிடுகிறது

துகளுக்கு முன் எப்போதும் சாதாரண உப்பை அனுப்புங்கள். கடத்துத்திறன் மீட்டர் போதும். உப்பின் அளவு பாதியைத் தொடுவது ஒரு துளைக்கொள்ளளவு, அதாவது 29 மில்லி வந்த நேரத்தில் இருக்க வேண்டும். 20 மில்லியிலேயே வந்தால் தண்ணீர் எங்கோ குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது, பெரும்பாலும் குழாய்ச் சுவரை ஒட்டி. குழாய் விட்டம் மணல் விட்டத்தைப் போல 50 மடங்காவது இருந்தால் இந்தத் தொல்லை குறையும். நம்முடையது 60-க்கு மேல், ஆனாலும் சரியாகத் தட்டி நிரப்பாவிட்டால் வரும்.

உப்பு சரியாக வந்து, துகள் மட்டும் அதற்குச் சற்று முன்னால் வந்தால் அது பிழையே இல்லை. பெரிய துகளும் கட்டியும் குறுகிய இடுக்குகளுக்குள் நுழையாமல், வேகமான நடுவழியிலேயே போகின்றன. உப்பு அயனி எல்லா மூலைமுடுக்குக்கும் போய்விட்டு வருகிறது, அதனால் தாமதம்.

வெளியே வரும் அளவு ஒரே மாதிரி நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கிறது

வரைபடத்தின் வடிவமே காரணத்தைச் சொல்லும். நேரம் ஆக ஆக அதிகம் துகள் வெளிவந்தால், மணலில் ஒட்டுமிடங்கள் நிரம்பி வருகின்றன. பின்னால் வரும் துகளுக்கு இடமில்லை. நேரம் ஆக ஆகக் குறைந்தால், ஒட்டிய துகளே அடுத்த துகளுக்குக் கொக்கியாகிவிட்டது. காந்தத் துகளில் இரண்டாவதைத்தான் அதிகம் பார்க்கிறோம், பூச்சு சரியில்லாதபோது. துகளின் செறிவை லிட்டருக்கு 20 மி.கி.க்குக் குறைத்துப் பாருங்கள். சரிவு மறைந்தால் துகளுக்கும் துகளுக்கும் நடுவே உள்ள ஈர்ப்பு என்று உறுதி.

எல்லாம் முடிந்தபின் வெறும் தண்ணீர் விட்டதும் திடீரென்று கறுப்பு வருகிறது

இதைப் பிழை என்று எண்ணித் தூக்கிப் போடாதீர்கள். இந்த வழிமுறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த ஒன்றுதான்.

வடிநீரில் சிறிது உப்பு கலந்து அதில் துகளை அனுப்பினீர்கள், பாதி மணலில் தங்கியது. பிறகு கழுவலாம் என்று வெறும் வடிநீர் விட்டீர்கள். தங்கியிருந்ததில் ஒரு பகுதி மொத்தமாகக் கிளம்பி வருகிறது. காரணம், அந்தத் துகள்கள் மணியைத் தொட்டு ஒட்டவே இல்லை. மேற்பரப்பிலிருந்து சில நானோமீட்டர் தள்ளி, இழுப்பும் தள்ளலும் சமமாகும் ஓர் ஆழமற்ற பள்ளத்தில் சும்மா இளைப்பாறிக்கொண்டிருந்தன. உப்பு குறைந்ததும் தள்ளும் விசை நீண்டு, பள்ளம் மறைந்து, கிளம்பிவிடுகின்றன. உண்மையில் ஒட்டியவை அசைவதில்லை. கிளம்பிய அளவை அளந்தால், எவ்வளவு ஒட்டியது, எவ்வளவு வெறுமனே தங்கியது என்று பிரித்துச் சொல்லலாம்.

இப்போது ஊருக்கு வாருங்கள். கோடை முழுக்க மண்ணில் உப்பு ஏறிக் கிடக்கிறது. எடவப்பாதி மழை (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) இறங்கியதும் உப்பே இல்லாத தண்ணீர் மண்ணுக்குள் போகிறது. சோதனைக் குழாயில் நாம் வடிநீர் விட்டது போலத்தான். மே மாதத்தில் 'துகள் நகரவில்லை' என்று எழுதிக் கொடுத்தவர் ஜூனில் என்ன சொல்வார்? அதனால் எங்கள் சோதனை எதுவும் மழைச் சுற்று இல்லாமல் முடிவதில்லை. கடைசியில் மூன்று துளைக்கொள்ளளவு வடிநீர், ஒவ்வொரு 5 மில்லிக்கும் ஒரு மாதிரி.

காந்தம் வைத்தும் துகள் நிற்கவில்லை

"எவ்ளோ பெரிய காந்தம் டீச்சர், ஸ்பேனரையே இழுக்குது, இதை மட்டும் விட்டுருது" என்றான் ஒரு பையன். ஸ்பேனரை இழுப்பதும் 10 நானோமீட்டர் துகளை இழுப்பதும் ஒன்றல்ல. காந்த விசை துகளின் கனஅளவைப் பொறுத்தது, தண்ணீரின் தடை அதன் விட்டத்தைப் பொறுத்தது. ஒரு நல்ல நியோடிமியம் காந்தத்தின் அருகே புலம் மீட்டருக்கு 10 டெஸ்லா என்ற அளவில் சரிகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், தனியான 10 நானோமீட்டர் மேக்னடைட் துகள் நொடிக்கு சுமார் 25 நானோமீட்டர் நகரும். ஒரு மணி நேரத்துக்கு 0.1 மி.மீ. கூட இல்லை. அதே ஒரு மணி நேரத்தில் வெப்ப அலைக்கழிப்பு அதை அரை மி.மீ.க்கு மேல் இங்கேயும் அங்கேயும் எறிந்திருக்கும். காந்தம் தோற்றுப்போகிறது.

இனி அதே துகள்கள் சேர்ந்து 100 நானோமீட்டர் கட்டியானால் கனஅளவு 1000 மடங்கு, தடை 10 மடங்கு, வேகம் 100 மடங்கு. மணிக்கு 9 மி.மீ. அலைக்கழிப்போ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. இப்போது காந்தம் ஜெயிக்கிறது. ஆக, மணலைக் கடக்கத் தனித்தனியாக இருக்க வேண்டும், காந்தத்துக்கு அகப்படக் கூட்டமாக இருக்க வேண்டும். பாட்டிலில் நல்ல நிலைத்தன்மை என்று நாம் பெருமைப்படும் கலவைதான் காந்தத்தை ஏமாற்றும் கலவை. தண்ணீர் சுத்திகரிப்பில் இது சாதாரண விஷயமில்லை. எவ்வளவு நன்றாகப் பூசுகிறோமோ அவ்வளவு தூரம் தப்பி ஓடும்.

2006-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு, கைக்கு அடக்கமான காந்தத்தாலேயே 12 நானோமீட்டர் மேக்னடைட்டைத் தண்ணீரிலிருந்து பிரித்துக் காட்டியது. புலத்தில் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துச் சேர்ந்து நகர்வதுதான் அதற்குக் கைகொடுக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: காந்தத்தைக் குழாய்க்கு மேலும் நெருக்குங்கள், தூரம் கூடக்கூட விசை மிக வேகமாக விழும். சொட்டைக் குறையுங்கள். வெளியேறும் குழாயில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை ஒரு சிட்டிகை அடைத்து அதன் மேல் காந்தத்தை வையுங்கள். நாரின் மெல்லிய இழைக்குப் பக்கத்தில் புலம் மிகச் செங்குத்தாகச் சரிவதால் சின்னத் துகளும் மாட்டும். காந்தம் ஒட்டாத ஸ்டீல் நார் உதவாது, வாங்கும்போது கையோடு காந்தம் கொண்டுபோய்ப் பாருங்கள். இன்னும் தப்பினால் வெளிவரும் தண்ணீரில் சிறிது கால்சியம் குளோரைடு போட்டுக் கட்டியாக்கிய பிறகு பிடியுங்கள். பெரிய நியோடிமியம் காந்தங்கள் இரண்டை ஒரே மேசையில் வைக்காதீர்கள், விரல் நசுங்கும்.

போட்டதும் வந்ததும் கணக்கில் சேரவில்லை

உள்ளே 10 மி.கி. போனது, வெளியே 4 வந்தது, மணலில் 6 இருக்க வேண்டும். தோண்டிப் பார்த்தால் 3. முதல் சந்தேகம் அளவீட்டின் மேல். நிறமானியில் கலவையை அப்படியே வைத்துப் படித்தால், கட்டிகள் ஒளியைச் சிதறடித்துத் தப்பான எண் தரும். மாதிரியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கி முழுக்கக் கரையுங்கள். அஸ்கார்பிக் அமிலம் போட்டு இரும்பை ஃபெரஸாக்குங்கள். பி.எச்.-ஐ அசிடேட் தாங்கலால் (பஃபர்) 4, 5 பக்கம் கொண்டுவந்து, இரும்போடு சேர்ந்து நிறம் தரும் ஃபினான்த்ரோலினைச் சேர்த்துவிடுங்கள், ஆரஞ்சுச் சிவப்பு வரும். 510 நானோமீட்டரில் படியுங்கள்.

மணலை ஒரு செ.மீ. துண்டுகளாகத் தள்ளி எடுத்து ஒவ்வொன்றையும் இப்படியே கரையுங்கள். துகள் போகாத மணலையும் ஒரு துண்டு கரைத்து, அதன் இரும்பைக் கழிக்க மறக்காதீர்கள். நுழைவாயிலிருந்து படிப்படியாகக் குறைந்தால் மேற்பரப்பில் ஒட்டியது, முதல் துண்டிலேயே முக்கால்வாசி இருந்தால் இடுக்கில் சிக்கியது.

இத்தனையும் செய்தபின்னும் எங்களுக்கு ஒரு தடவை மூன்று மி.கி. காணவில்லை. நாலு நாள் மணலையும் அமிலத்தையும் சந்தேகப்பட்டோம். கடைசியில் ட்ரிப் செட்டின் குழாயை நீளவாக்கில் பிளந்து பார்த்தபோது உள்சுவர் முழுக்க மெல்லிய பழுப்புப் படலம், சொட்டு விழும் அறையின் அடியில் கறுப்பு வளையம். இப்போது சோதனை முடிந்ததும் குழாயை 20 மில்லி அமிலத்தில் அலசி, அந்த அலசலுக்கு நோட்டில் தனி வரி வைத்திருக்கிறோம்.